எச்டி டேப்பை எஸ்டி வைட்ஸ்கிரீனுக்கு இறக்கும்போது படம் ஏன் கெடுகிறது

நீங்கள் எழுதியதை வைத்து நான் புரிந்துகொண்டது இது. 2009-ல் நடந்த அக்கா கல்யாணம், மினி டிவி (Mini DV) டேப்பில் எச்டிவி (HDV, அதே டேப்பில் எச்டி படம் பதியும் முறை) முறையில் 1080ஐ-யாக எடுத்தது, மொத்தம் 9 டேப். லேப்டாப் பழசு, எச்டியைப் போட்டால் டைம்லைன் நகரவே மாட்டேன் என்கிறது. அதனால் எல்லாவற்றையும் முதலில் எஸ்டி (டிவிடியில் வரும் சாதாரணத் தரம்) 16:9-க்கு மாற்றி, பிறகு எடிட் செய்து, அம்மா வீட்டு டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி டிஸ்க் போட வேண்டும். இலவச கன்வெர்ட்டர் ஒன்றில் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் நீண்டுவிடுகிறது, யாராவது நடந்தால் உருவம் அதிர்கிறது, குங்குமம் மங்கித் தெரிகிறது. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாஃப்ட்வேரை மாற்றினால் மட்டும் இது சரியாகாது. மூன்று கோளாறுக்கும் மூன்று தனித்தனிக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் தெரியாவிட்டால் விலை உயர்ந்த சாஃப்ட்வேரிலும் இதே படம்தான் வரும். நீண்ட முகத்தை ஒரு செட்டிங்கில் சரி செய்துவிடலாம். நிறத்தையும் மீட்டுவிடலாம். அதிர்வு மட்டும் அப்படி இல்லை, மாற்றும் நேரத்தில் கெட்டுப்போனால் பிறகு எதை வைத்தும் மீட்க முடியாத வகை ஒன்று அதில் இருக்கிறது. அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

1080ஐ என்பதில் இருக்கிற ஐ, இன்டர்லேஸ். நம் நாட்டுக் கேமராக்கள் வினாடிக்கு 25 ஃப்ரேம் என்று சொன்னாலும், உண்மையில் வினாடிக்கு 50 அரைப்படம் எடுக்கின்றன. ஒரு அரைப்படத்தில் ஒற்றைப்படை வரிகள் 540, அடுத்த அரைப்படத்தில் இரட்டைப்படை வரிகள் 540. இந்த அரைப்படத்தைத்தான் ஃபீல்டு என்கிறோம். இரண்டு ஃபீல்டுக்கும் நடுவே 50-ல் ஒரு பங்கு வினாடி கடந்துபோயிருக்கிறது, அதாவது ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டு வேறு வேறு நேரங்கள் இருக்கின்றன. உங்கள் டேப்பில் கெட்டிமேளம் கொட்டுகிற இடத்துக்குப் போய், தவில் வாசிப்பவரின் கை மேலே தெரிகிற ஷாட்டில் நிறுத்திப் பாருங்கள். மேடை, வாழைமரம், பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சுத்தமாக இருக்கும். கையும் குச்சியும் மட்டும் சீப்புப் பல் மாதிரி வரி வரியாகப் பிளந்து தெரியும். பயப்பட வேண்டாம், அது பழுது இல்லை. கை ஒரு ஃபீல்டில் இங்கே இருந்தது, அடுத்த ஃபீல்டில் அரை அங்குலம் தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான். டிவி அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும்போது நம் கண்ணுக்கு அசைவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இப்போது சாதாரண கன்வெர்ட்டர் என்ன செய்கிறது? 1080 வரியை 576 வரியாகச் சுருக்க வேண்டும், அதனால் பழைய வரிகளில் கிட்டத்தட்ட இரண்டை எடுத்துக் கலந்து புதிய ஒரு வரி செய்கிறது. பக்கத்துப் பக்கத்து வரிகள் இரண்டும் வேறு வேறு ஃபீல்டு என்பது அதற்குத் தெரியாது. இரண்டு நேரமும் ஒரே வரிக்குள் குழைந்துவிடுகிறது. தவில்காரருக்கு ஒரு கைக்குப் பதில் இரண்டு மங்கலான கை வந்துவிடும், அதன் மேல் அலை அலையாகக் கோடுகளும் வரும். அட்சதை போடுகிற இடத்தில் ஒவ்வொரு அரிசியும் இரட்டையாகும். இதைத்தான் மீட்க முடியாது என்று சொன்னேன், ஏனென்றால் எந்த வரி எந்த நேரத்தைச் சேர்ந்தது என்ற கணக்கே அழிந்துபோகிறது.

சரியான வழியில் மூன்று படி இருக்கிறது, வரிசை மாறக்கூடாது. முதலில் 50 ஃபீல்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுப்படமாக விரிக்க வேண்டும், அதாவது 1080ஐ 50 ஃபீல்டு, 1080பி (பி என்றால் வரி பிரிக்காத முழுப்படம்) 50 ஃப்ரேமாக வேண்டும். இதை பாப் டீஇன்டர்லேஸ் என்பார்கள். இரண்டாவது, அந்த 50 முழுப்படங்களையும் 720க்கு 576 ஆகச் சுருக்க வேண்டும். மூன்றாவது, அவற்றிலிருந்து மாற்றி மாற்றி ஒற்றை வரி, இரட்டை வரி என்று எடுத்து மறுபடி வினாடிக்கு 25 ஃப்ரேம் இன்டர்லேஸ் படமாகக் கோர்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்தால் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் ஃபில்டர், பிறகு ஸ்கேல், பிறகு இன்டர்லேஸ் என்ற வரிசை. யாடிஃப்பில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சும்மா விட்டால் அது ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படம்தான் கொடுக்கும், அதாவது 25. ஃபீல்டுக்கு ஒரு படம் வேண்டும் என்றால் மோடை 1 என்று மாற்ற வேண்டும். இதை மறந்தால் பாதி அசைவு அங்கேயே போய்விடும், ஊர்வலத்தில் கேமரா திரும்பும்போது படம் வெட்டி வெட்டி நகரும். அவிசின்த் (AviSynth) என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் பழகியவர்கள் இதே வேலையை அதில் இன்னும் நன்றாகச் செய்வார்கள், அதற்கான பாப் ஃபில்டர்கள் மெதுவாக ஓடினாலும் விளிம்புகளை அழகாகத் தரும். பிரீமியர், எடியஸ் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் கிளிப் இன்டர்லேஸ் என்று தெரிந்தால் ஃபீல்டைத் தாங்களே பிரித்துச் சுருக்கும். ஆனால் கிளிப் ப்ராப்பர்ட்டியில் அப்பர் ஃபீல்டு ஃபர்ஸ்ட் என்று சரியாகப் படித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரீமியரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டியையும் டிக் செய்யுங்கள், நேரம் கூடும், சுருக்கிய படம் நன்றாக இருக்கும்.

அப்பர் ஃபீல்டு என்று சொன்னேன் இல்லையா, அதிர்வின் இரண்டாவது வகை அங்கேதான் இருக்கிறது. எச்டிவி, ஏவிசிஎச்டி (இன்னொரு எச்டி கேமரா முறை) இரண்டிலும் மேல் ஃபீல்டு முதலில் வரும். பழைய DV ஃபார்மேட்டில் (வீட்டு டிவி இல்லை, மினி டிவி டேப்பின் எஸ்டி ஃபார்மேட்), அதாவது 720க்கு 576 பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) DV ஃபைலில், கீழ் ஃபீல்டு முதலில் வரும். எச்டியிலிருந்து DV-க்கு மாற்றும்போது இந்த வரிசையைத் திருப்பாவிட்டால் ஒவ்வொரு அசைவும் இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று நடக்கும். கொடுமை என்னவென்றால் கம்ப்யூட்டர் திரையில் இது பல நேரம் தெரியவே தெரியாது, பிளேயர் தானாகக் குழைத்துக் காட்டிவிடும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு கல்யாணத்துக்கு 40 டிஸ்க் எரித்துக் கொடுத்தேன், மானிட்டரில் எல்லாம் பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா போன் செய்து, தம்பி, எல்லாரும் நடுங்குகிற மாதிரி இருக்கே, எங்க டிவிதான் ரிப்பேரா, என்று கேட்டார். அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பில் கார் ஜன்னல் வழியாகத் தெரிந்த முகம் முதல் கடைசி வரை நடுங்கியது. 40 டிஸ்க்கையும் திரும்ப வாங்கி, வரிசையைத் திருப்பி, மறுபடி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து டிவியில் ஓட்டிப் பார்க்காமல் ஒரு டிஸ்க்கும் கொடுத்ததில்லை. இந்த வகை அதிர்வை மீட்கலாம் என்பது ஒரு ஆறுதல், ஃபீல்டு இரண்டும் தனித்தனியாக உயிரோடு இருக்கின்றன, வரிசைதான் தப்பு.

ஒருவேளை உங்கள் டேப்பில் சில பகுதி 25பி-யில் எடுத்ததாக இருந்தால், அங்கே இரண்டு ஃபீல்டும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை. நிறுத்திப் பார்த்தால் சீப்புப் பல் இருக்காது. அந்தப் பகுதிக்கு டீஇன்டர்லேஸ் தேவையில்லை, நேராகச் சுருக்கலாம்.

அடுத்தது முகம் நீளுவது. எஸ்டியில் 4:3-க்கும் 16:9-க்கும் ஃப்ரேம் அளவு ஒன்றேதான், 720க்கு 576. வைட்ஸ்கிரீன் என்றால் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதே பெட்டிக்குள் வைத்து, காட்டும்போது விரித்துக்கொள் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறோம். இதற்கு அனமார்ஃபிக் என்று பெயர். உங்கள் கன்வெர்ட்டர் படத்தைச் சரியாகத்தான் நெருக்கியிருக்கிறது, 16:9 என்ற குறிப்பை மட்டும் எழுதவில்லை, அதனால் பிளேயர் விரிக்காமல் காட்டுகிறது, முகம் ஒடுங்கி நீண்டு தெரிகிறது. எடிட்டிங் ப்ராஜெக்ட் திறக்கும்போது பால் வைட்ஸ்கிரீன் என்பதைத் தேர்ந்தெடுங்கள், டிஸ்க்குக்கு எம்பெக்-2 (டிவிடியில் வீடியோவை அழுத்தி வைக்கும் முறை) செய்யும்போதும் 16:9 என்று மறுபடி கொடுங்கள், இரண்டு இடத்திலும் வேண்டும். எச்டிவியே 1440க்கு 1080 என்று நெருக்கித்தான் பதிவாகிறது, விரித்தால்தான் 1920, அதனால் கிளிப்பை உள்ளே எடுத்தவுடன் அதன் பிக்சல் விகிதம் 1.333 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த எண்ணையும் நம்பாமல் சரிபார்க்க ஒரு வழி: டேப்பில் வட்டமான ஒன்று நேர்முகமாகத் தெரிகிற ஷாட்டைத் தேடுங்கள், மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் இருந்தால் ரொம்ப நல்லது. டிவியில் ஓட்டி, ஸ்கேலை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

இங்கே பலர் செய்கிற ஒரு காரியத்தை நீங்கள் செய்ய வேண்டாம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு 4:3 ஃப்ரேமுக்குள் அகலப் படத்தை வைப்பது. முகம் சரியாகத் தெரியும், ஆனால் 576 வரியில் படத்துக்குக் கிடைப்பது 432 வரிதான், கால் பங்கு வரி கறுப்புக்குப் போய்விடுகிறது. அம்மா வீட்டில் பழைய 4:3 டிவி இருந்தாலும் பரவாயில்லை, டிவிடி பிளேயர் செட்டப்பில் டிவி டைப்பை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று வைத்தால் பிளேயரே பட்டை போட்டுக்கொள்ளும், நாளைக்குப் புது டிவி வாங்கினால் அதே டிஸ்க் முழுத் திரையில் ஓடும்.

சில சாஃப்ட்வேரில் மாற்றிய பிறகு இடது வலது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பால் வைட்ஸ்கிரீன் பிக்சலின் விகிதத்தைச் சிலர் 1.422 என்றும் சிலர் 1.4587 என்றும் கணக்கிடுகிறார்கள், அடோபி 2008-ல் சிஎஸ்4 வந்தபோது முதல் எண்ணிலிருந்து இரண்டாவதற்கு மாறியது. இரண்டாவது கணக்கில் 720 பிக்சலில் நடுவில் உள்ள 702 பிக்சல்தான் உண்மையான 16:9 படம், மீதி இரண்டு ஓரத்தின் உபரி. ஓரத்துக்கு 9 பிக்சல். வித்தியாசம் இரண்டரை சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் கோடு உறுத்தினால் படத்தை ஒரு துளி பெரிதாக்கி மூடிவிடுங்கள்.

குங்குமம் மங்குவதற்குக் காரணம், எச்டியில் நிறத்தை எழுதும் கணக்கு வேறு, எஸ்டியில் வேறு. எச்டி 709 என்ற கணக்கு, எஸ்டி 601 என்ற கணக்கு. பச்சைக்கு வெளிச்சத்தில் எச்டி 0.7152 பங்கு கொடுத்தால், எஸ்டி 0.587 மட்டும் கொடுக்கிறது. மாற்றும்போது இந்தக் கணக்கையும் மாற்றாவிட்டால் டிவி தப்பான கணக்கில் படித்துவிடும். சிவப்பு சற்று இருண்டு போகும், வாழையிலைப் பச்சை தேவைக்கு மேல் பளிச்சென்று எழும். எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் தானாகப் பார்த்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கில் நீங்களே செய்தால் ஸ்கேல் ஃபில்டரில் உள்ளே வருவது 709, வெளியே போவது 601 என்று சொல்லியாக வேண்டும். கலர் கரெக்‌ஷனில் சிவப்பைக் கூட்டி இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், முகத்தின் நிறம் கெட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கல்யாணப் படத்தில் கட்டாயம் வரும்: ஜரிகை மினுக்குவது. எச்டியில் இருந்த நுணுக்கத்தை எல்லாம் அப்படியே 576 வரிக்குள் கூர்மையாக அடைத்தால், பட்டுச் சேலையின் மெல்லிய ஜரிகைக் கோடு ஒரு ஃபீல்டில் மட்டும் விழும், அடுத்த ஃபீல்டில் இருக்காது. டிவியில் அந்தக் கோடு வினாடிக்கு 25 தடவை அணைந்து எரியும். மணப்பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பார், சேலைக் கரை மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து கீழாக மட்டும் படத்தை மிக லேசாக மென்மையாக்க வேண்டும், எஃப்எஃப்எம்பெக்கின் இன்டர்லேஸ் ஃபில்டரில் லோபாஸ் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது, எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்ற பெயரில் கிடைக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் படம் கொஞ்சம் சாஃப்ட்டாகத் தெரிந்து மனசு கேட்காது, ஷார்ப்னெஸ் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள்.

சரி, இவ்வளவையும் எடிட்டுக்கு முன்னால் செய்ய வேண்டுமா? என் பதில், முடிந்தால் வேண்டாம். எஸ்டி DV-க்கு மாற்றினால் இடம் மிச்சமாகும் என்று நினைப்பீர்கள். ஆகாது. எச்டிவியும் வினாடிக்கு 25 மெகாபிட், DV-யும் 25 மெகாபிட், அதனால்தான் ஒரே மினி டிவி கேசட்டில் இரண்டும் ஒரே 60 நிமிடம் பதிவாகின்றன. ஒரு டேப் எச்டிவியாக இறக்கினால் சுமார் 11 ஜிபி, DV-யாக இறக்கினால் சுமார் 13 ஜிபி, DV-தான் கூட! லேப்டாப் திணறுவதற்குக் காரணம் இடம் இல்லை, எச்டிவியில் 12 ஃப்ரேம் ஒரு கட்டாகச் சேர்ந்து அழுத்தப்பட்டிருக்கிறது, நடுவில் ஒரு ஃப்ரேமைக் காட்ட வேண்டும் என்றால் அக்கம்பக்கத்து ஃப்ரேம்களையும் பிரித்தாக வேண்டும். DV-யில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனி. அதனால் எடிட்டுக்கு ப்ராக்ஸி, அதாவது எளிதில் ஓடும் சின்ன நகல், செய்துகொள்ளுங்கள், எடியஸ், பிரீமியர் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. சின்ன ஃபைலில் வெட்டுங்கள், ஒட்டுங்கள், கடைசியில் சாஃப்ட்வேர் அசல் எச்டியிலிருந்து வெளியே எடுக்கட்டும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, நான் இதை ரொம்பப் பயன்படுத்துவேன். எஸ்டி வைட்ஸ்கிரீன் டைம்லைனில் எச்டி கிளிப்பை அப்படியே வைத்தால், கிட்டத்தட்ட 1.8 மடங்கு வரை உள்ளே நெருங்கினாலும் வரிகள் பற்றாமல் போகாது. தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் தூரத்தில் நின்றிருப்பார், முன்னால் நாலு பேர் செல்போனோடு தலையை நீட்டியிருப்பார்கள், அந்த ஷாட்டில் மணமக்கள் கையை மட்டும் எடுத்துக் காட்ட முடியும். முதலிலேயே எஸ்டியாக மாற்றிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

ப்ராக்ஸிகூட ஓடாத லேப்டாப் என்றால், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், டேப்பை ஓட்டும் கேமராவையே மாற்ற விடுங்கள். சோனி எச்டிவி கேமராக்களின் மெனுவில் ஐலிங்க் கன்வெர்ட் என்று இருக்கும், அதை ஆன் செய்தால் எச்டிவி டேப்பை ஓடும்போதே DV-யாக மாற்றி ஃபயர்வயர் கேபிளில் அனுப்பும், ஃபீல்டு வரிசை, விகிதம் எல்லாவற்றையும் கேமராவே சரியாகப் பார்த்துக்கொள்ளும். கேபிளைச் செருகும் முன்பே இந்த செட்டிங்கை மாற்றிவிடுங்கள், செருகிய பிறகு மாற்றினால் கம்ப்யூட்டர் கேமராவை அடையாளம் காணாமல் தவிக்கும். சில மாடலில் ஸ்க்வீஸ், லெட்டர்பாக்ஸ், எட்ஜ் கிராப் என்று மூன்று கேட்கும், உங்களுக்கு வேண்டியது ஸ்க்வீஸ், அதாவது நெருக்கி வைப்பது. 9 டேப்புக்கு 9 மணி நேரம், வேகமாக்க வழியில்லை. இந்த வழியில் ஒரு குறை, DV என்பது நிறத்தைப் பாதிப் பாதியாகக் குறைத்து வைக்கும் ஃபார்மேட். எச்டிவியின் நிறத் தகவலே 720க்கு 540 இருக்கிறது, எஸ்டி ஃப்ரேமுக்கு அது கிட்டத்தட்ட முழு நிறம், DV-யாக்கியதும் 360க்கு 288 ஆகிவிடுகிறது. நீங்களே கம்ப்யூட்டரில் மாற்றினால் DV-க்குப் பதில் 4:2:2, அதாவது நிறத்தை அகலத்தில் மட்டும் பாதியாக்கி, வைத்துக்கொள்ளும் கிராஸ் வேலி எச்க்யூ, ப்ரோரெஸ் மாதிரி ஒன்றைப் பயன்படுத்துங்கள், சிவப்பும் மஞ்சளும் விளிம்பில் கசியாது.

எந்த வழியில் போனாலும் கையோடு 9 டேப்பையும் எச்டிவியாகவும் ஒருமுறை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள், 100 ஜிபி சொச்சம்தான் வரும். டேப் ஓட்டும் கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருக்கின்றன, ஹெட் தேய்ந்தால் மாற்றித் தர ஆள் கிடைப்பதில்லை. அக்கா கல்யாணம் இனி ஒருமுறை எடுக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் தன் கேமராவிலும் எடுத்திருக்கிறார் என்றால் அது 60ஐ-யாக (வினாடிக்கு 60 ஃபீல்டு) இருக்கலாம், அமெரிக்கக் கேமரா என்றால் அப்படித்தான் இருக்கும். அதை 50-க்கு மாற்றி ஒரே டைம்லைனில் கலந்தால் அசைவு தடுக்கும். முக்கியமான சில ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை 720க்கு 480 என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிஸ்க்காகத் தனியே போட்டுவிடுங்கள், இங்கே இருக்கிற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும்.

டிஸ்க்குக்கு எம்பெக்-2 செய்யும்போது 4.7 ஜிபியில் ஒரு மணி நேரம் என்றால் வினாடிக்கு 8 மெகாபிட் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம், எரித்த டிஸ்க்கில் பழைய பிளேயர்கள் திக்கும். இரண்டு மணி நேரம் என்றால் சராசரி 5-க்குச் சற்றுக் கீழே, டூ பாஸ் விபிஆர், அதாவது படத்தை இரண்டு முறை ஓட்டி, தேவையான இடத்துக்கு அதிக மெகாபிட் கொடுக்கும் செட்டிங். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் பூ தூவுகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாகும், முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள். என்கோடரில் இன்டர்லேஸ் என்றும், நீங்கள் எந்த ஃபீல்டை முதலில் வைத்தீர்களோ அதையும் சொல்லுங்கள். சத்தம் 48 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கட்டும்.

9 டேப்பையும் தொடும் முன்பு 30 வினாடி மட்டும் எடுத்துப் பாருங்கள். தவில்காரரின் கை, அக்காவின் சேலைக் கரை, குங்குமமும் வாழையிலையும் ஒன்றாகத் தெரிகிற இடம், கேமரா மெதுவாகத் திரும்புகிற ஒரு ஷாட், இவ்வளவும் அந்த 30 வினாடிக்குள் வருகிற மாதிரி ஒட்டி, திரும்ப எழுதக்கூடிய டிஸ்க் ஒன்றில் போட்டு அம்மா வீட்டு டிவியிலேயே ஓட்டுங்கள். கை இரண்டாகத் தெரிந்தால் சுருக்கிய விதம் தப்பு, முன்னும் பின்னும் குதித்தால் ஃபீல்டு வரிசை தப்பு, கரை துடித்தால் லோபாஸ் போதவில்லை. எது வந்தது என்று எழுதுங்கள், எந்த சாஃப்ட்வேர், கிளிப் ப்ராப்பர்ட்டியில் என்ன காட்டுகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.